‘வி’ போர்டு: ஸ்லாட் இல்லாத கம்ப்யூட்டரும் கேம் ஆசையும்

இன்னிக்கு எபிசோடு ஒரே ஒரு எழுத்தைப் பத்தி. இங்கிலீஷ்ல வர்ற ‘வி’.

2002ல பென்டியம் 4 ப்ராசஸருக்காக இன்டெல் 845ஜின்னு ஒரு சிப்செட் விட்டாங்க. அதே வருஷம் 845ஜிவின்னு இன்னொண்ணு வந்துச்சு. 2003ல 865ஜி, கூடவே 865ஜிவி. 2004ல 915ஜி, கூடவே 915ஜிவி. மூணு தலைமுறையா ஒரே கதை. ‘ஜி’ மட்டும் இருந்தா, போர்டுக்குள்ளயே ஒரு சுமாரான கிராபிக்ஸ் இருக்கும், பின்னாடி காசு சேர்ந்ததும் தனி கார்டு சொருகறதுக்கு ஒரு ஸ்லாட்டும் இருக்கும். ‘ஜி’க்குப் பின்னாடி ‘வி’ ஒட்டிக்கிட்டா, உள்ள இருக்கிற கிராபிக்ஸ் மட்டும்தான். கார்டுக்கான ஸ்லாட் கிடையாது.

2000களில பொள்ளாச்சி மாதிரி ஊர்ல வளர்ந்த பசங்க எந்த கேமை விளையாடினாங்க, எந்த கேமை சிடி கவர்ல மட்டும் பார்த்துக்கிட்டாங்கங்கறதை முடிவு பண்ணினதுல பெரிய பங்கு இந்த எழுத்துக்குன்னு நான் நினைக்கிறேன். கொஞ்சம் ஓவரா தெரியும். கேட்டுட்டு சொல்லுங்க.

முதல்ல கிராபிக்ஸ் கார்டு எங்கிருந்து வந்துச்சுன்னு சுருக்கமா பார்த்துடலாம். 1987ல ஐபிஎம் விஜிஏ கொண்டு வந்தப்போ, அந்த சர்க்யூட்டோட வேலை மானிட்டருக்குப் படம் அனுப்பறது. அவ்வளவுதான். கணக்கெல்லாம் ப்ராசஸர் தலையில. நம்ம ஊர் கம்ப்யூட்டர் சென்டர்கள்ல டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா எல்லாம் ஓடினதுக்கு எந்த கார்டும் தேவைப்படலை. 1996ல 3டிஎஃப்எக்ஸ் கம்பெனி வூடூன்னு ஒரு கார்டு விட்டாங்க. அது விசித்திரமான சாமான். 3டி படம் மட்டும்தான் வரையும், சாதாரண டெஸ்க்டாப் காட்டறதுக்கு பழைய விஜிஏ கார்டும் கூடவே இருக்கணும், ரெண்டையும் வெளியில ஒரு கேபிள் போட்டு இணைக்கணும். அந்த நேரம் பார்த்து மெமரி சிப் விலை சரிஞ்சதால்தான் அது வீட்டுக்காரங்க வாங்கற விலைக்கு இறங்குச்சு. விலை சரியாம இருந்திருந்தா அது விளையாட்டு மையங்கள்ல இருக்கிற ஆர்கேட் மெஷின்களோட நின்னிருக்கும்.

கேம் விளையாடறவன் மொத்த கம்ப்யூட்டரையும் மாத்த வேண்டாம், ஒரு துண்டை மட்டும் மாத்தினா போதும்ங்கற எண்ணம் பரவுனது அப்போதான். அந்தத் துண்டுக்குன்னே 1997ல இன்டெல் ஒரு தனி வாசல் வச்சாங்க. ஏஜிபி ஸ்லாட். போர்டு நடுவுல காவி நிறத்துலயோ பழுப்பு நிறத்துலயோ தனியா ஒதுங்கி நிக்கும். மத்த கார்டுகள் எல்லாம் வெள்ளை பிசிஐ ஸ்லாட்டுகள்ல நெருக்கியடிச்சு உக்காந்திருக்கும். வித்தியாசம் என்னன்னா, எல்லா பிசிஐ கார்டும் பகிர்ந்துக்கற பாதையில நொடிக்கு 133 எம்பி போகும். ஏஜிபி கடைசியா 8எக்ஸ் ஆனப்போ நொடிக்கு 2,133 எம்பி, அதுவும் ஒரே கார்டுக்கு. கொடுமை என்னன்னா, அந்த வாசலை வச்ச இன்டெல்லேதான் அஞ்சு வருஷம் கழிச்சு ‘வி’ போட்டு அதை எடுத்தாங்க.

ஏன் எடுத்தாங்க? இங்கே வில்லனைத் தேட வேண்டாம். 1997ல உலக வர்த்தக அமைப்போட தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்துல இந்தியா சேர்ந்துச்சு. 2005க்குள்ள கம்ப்யூட்டர், அதோட பாகங்கள் மேல இருந்த இறக்குமதி வரி படிப்படியா பூஜ்யத்துக்கு வந்துச்சு. அந்த வருஷங்கள்லதான் கோயம்புத்தூர் சுத்துவட்டாரத்துல வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்தது. பிராண்டட் மெஷின் இல்லை, அசெம்பிள்டு. பொள்ளாச்சியிலேயே 1998ல ஒரு இன்ஜினியரிங் காலேஜ் வந்தாச்சு, டாக்டர் மகாலிங்கம் காலேஜ். ‘பையன் கம்ப்யூட்டர் படிக்கிறான்’ங்கறது தென்னந்தோப்புக்காரர் வீட்லயும் பேச்சானது. கடைக்காரர் ஒரு துண்டு பேப்பர்ல எழுதிக் கொடுப்பார்: ப்ராசஸர் பென்டியம் 4, மதர்போர்டு இன்டெல் ஒரிஜினல், ரேம் 256, ஹார்ட் டிஸ்க் 40. கடைசியில மொத்தத் தொகை. அப்பாமார் பார்க்கிறது அந்தக் கடைசி வரியை மட்டும்.

‘இன்டெல் ஒரிஜினல்’ங்கற அந்த வார்த்தைக்கு அப்போ இருந்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. ப்ராசஸர் மட்டுமில்ல, போர்டும் இன்டெல்லே தயாரிச்சதுன்னு அர்த்தம். டி845ஜிவிஎஸ்ஆர், டி865ஜிவிஎச்இசட் மாதிரி நம்பர் அந்த போர்டு மேலேயே அச்சடிச்சிருக்கும். நடுவுல அந்த ‘வி’ இருக்குதுங்களா? துண்டு பேப்பர்ல அது வராது. ‘இன்டெல் ஒரிஜினல்’னு மட்டும்தான் வரும். அந்த எழுத்தால மிச்சமாகற காசு சின்னதுதான், ஆனா பத்து பாகத்துல இப்படிச் சின்னச் சின்னதா குறைச்சாத்தான் அந்தக் கடைசி வரி அப்பாவோட பட்ஜெட்டுக்குள்ள வரும். அதனால என் நேர்மையான கருத்து: ‘வி’ போர்டு இல்லேன்னா பாதி வீட்டுக்கு கம்ப்யூட்டரே வந்திருக்காது. வந்த கம்ப்யூட்டர் அதோட நின்னும் போச்சு. ரெண்டும் உண்மை.

கேம்கள் நிக்கலை. இந்த இடத்துல கொஞ்சம் டெக்னிக்கலா பேசணும், பொறுத்துக்குங்க. 3டி கேம்ல நீங்க பார்க்கிற எல்லாமே முக்கோணங்கள். காரும் முக்கோணம், மூஞ்சியும் முக்கோணம். ஒவ்வொரு முக்கோணமும் திரையில எங்கே விழும், அது மேல வெளிச்சம் எப்படிப் படும்ங்கற கணக்கை ரொம்ப நாள் ப்ராசஸர்தான் போட்டுச்சு. 1999ல என்விடியாவோட ஜீஃபோர்ஸ் 256 அந்தக் கணக்கைத் தன் தலையில வாங்கிக்கிச்சு. அதுக்குப் பேர் ஹார்டுவேர் டி அண்ட் எல். 2001ல ஜீஃபோர்ஸ் 3 இன்னும் ஒரு படி போச்சு: தண்ணி எப்படி மின்னணும், தோல் எப்படித் தெரியணும்னு கேம் எழுதறவங்களே சின்னச் சின்ன ப்ரோகிராம் எழுதி கார்டுக்குள்ள ஓட்டலாம். ஷேடர். 845லயும் 865லயும் இன்டெல் வச்ச உள் கிராபிக்ஸுக்கு வச்ச பேர் ‘எக்ஸ்ட்ரீம் கிராபிக்ஸ்’. சிரிக்காதீங்க, நிஜமா அதான் பேர். அதுல டி அண்ட் எல்லும் இல்லை, ஷேடரும் இல்லை. மெமரிகூட சொந்தமா கிடையாது, இருக்கிற 256 எம்பி ரேம்லருந்து பிச்சு எடுத்துக்கும்.

அதனால என்னாச்சுன்னா, 2003ல பிசிக்கு வந்த வைஸ் சிட்டி ஓரளவு இழுத்துப் பிடிச்சு ஓடுச்சு. கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 நல்லாவே ஓடுச்சு. பிரவுசிங் சென்டர்கள்ல அது ரெண்டும் அவ்வளவு நாள் நிலைச்சதுக்கு கேம் நல்லா இருந்தது ஒரு காரணம், ‘வி’ போர்டுல ஓடினது இன்னொரு காரணம். அதே 2003ல வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா சாண்ட்ஸ் ஆஃப் டைம் ஷேடர் இல்லாத மெஷின்ல திறக்கவே திறக்காது. மெதுவா ஓடறதில்லை, திறக்காது. நம்ம ஆளுங்களுக்கு அது புது அனுபவம். அதுவரைக்கும் மெதுவா ஓடினா செட்டிங்ஸ்ல எல்லாத்தையும் குறைச்சுக்கலாம். இப்போ ஒரு எர்ரர் பாக்ஸ் வந்து நிக்குது, பேரம் பேச வழியே இல்லை.

ஸ்லாட் இருந்தவங்களும் தப்பிக்கலை. 2002ல என்விடியா ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸ்னு ஒரு வரிசை விட்டாங்க. எம்எக்ஸ் 440 நம்ம பக்கம் ரொம்ப பிரபலம். பேர் பார்த்தா ஜீஃபோர்ஸ் 3ஐ விடப் புதுசு. உள்ள இருந்தது ஜீஃபோர்ஸ் 2 வகை சரக்கு, ஷேடர் கிடையாது. டூம் எழுதின ஜான் கார்மாக்கே இந்தப் பேர் குழப்பத்தை வெளிப்படையா கண்டிச்சார். சாண்ட்ஸ் ஆஃப் டைம் டப்பாவுல ஜீஃபோர்ஸ் 3 அல்லது மேல வேணும், ஆனா ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் ஆகாதுன்னு தனியா போட்டிருந்தாங்க. மூணு ஆகும், நாலு ஆகாது. இதை ஒரு கடைக்காரர் ஒரு அப்பாவுக்கு எப்படி விளக்குவார்? அடுத்த வருஷம் வந்த எஃப்எக்ஸ் 5200ல ஷேடர் இருந்துச்சு, ஆனா ஒரே பேர்ல 128 பிட் கார்டும் வித்தாங்க, மெமரி பாதை பாதியா குறைஞ்ச 64 பிட் கார்டும் வித்தாங்க. டப்பாவைப் பார்த்து கண்டுபிடிக்கவே முடியாது.

எங்க குடும்பத்துல இந்தக் கதை 2006ல நடந்துச்சு. எங்க பெரியப்பா பையன் காலேஜ் ரெண்டாம் வருஷம். அவங்க வீட்டு மெஷின் 2003ல எடுத்தது. சான் ஆண்ட்ரியாஸ் பிசிக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு, சிடி கைக்கு வந்தாச்சு, ஓடலை. கார்டு போட்டா ஓடும்னு யாரோ சொல்லிட்டாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை இல்லாத நாளா பார்த்து, கேபினட்டை பெட்ஷீட்ல சுத்தி, பொள்ளாச்சி பஸ்ல அண்ணன் மடியில வச்சு, உக்கடத்துல இறங்கி டவுன் பஸ் மாறி காந்திபுரம் போனோம். எனக்கு ஒன்பது வயசு. ஸ்க்ரூடிரைவர் பையைத் தூக்கறது என் வேலை.

கடைக்காரர் பக்கவாட்டுத் தகட்டைக் கழட்டினார், ஒரு ஊது ஊதினார், தூசி பறந்தது, உள்ள எட்டிப் பார்த்தார்.

“ஏங் கண்ணு, இதுல ஏஜிபியே இல்லியே.”

“கார்டு போடலாம்னு எடுக்கறப்பவே சொன்னாங்களேங்ணா.”

“யாரு சொன்னாங்க? ஜிவி போர்டு இது. இதா பாரு, இடம் விட்டிருக்கான், ஸ்லாட்டை விடலை.”

நிஜமாவே இடம் விட்டிருந்தது. ஏஜிபி ஸ்லாட் உக்கார வேண்டிய எடத்துல வெறும் பச்சை போர்டு. அந்த வெற்று இடம் எனக்கு இன்னும் ஞாபகத்துல இருக்கு. மெஷினை முதல்ல வித்த கடை பேரெல்லாம் இங்கே வேண்டாம், அவங்களுக்கே அது தெரிஞ்சிருக்குமாங்கறது சந்தேகம்தான்.

ஸ்லாட் இல்லாதவங்களுக்கு மூணு, நாலு குறுக்கு வழி இருந்தது. வெள்ளை பிசிஐ ஸ்லாட்டுலயே சொருகற எஃப்எக்ஸ் 5200, பின்னாடி ஜீஃபோர்ஸ் 6200 எல்லாம் வந்துச்சு. ஆனா அந்த 133 எம்பி பாதையில, சவுண்டு கார்டு, மோடம் எல்லாத்தோடும் பங்கு போட்டுக்கிட்டு. பிஏபி வாய்க்கால் தண்ணியை கார்டன் ஹோஸ்ல விடற மாதிரி. அதுலயும் பிசிஐ வகைங்கறதால கடைகள்ல அபூர்வம், ஏஜிபி வகையைவிட விலையும் ஜாஸ்தி. இன்னொரு கூத்து: சில போர்டு கம்பெனிகள் ‘வி’ சிப்செட்டையே போட்டுட்டு, பார்க்க ஏஜிபி மாதிரியே ஒரு ஸ்லாட்டை ஒட்டினாங்க. ஆஸ்ராக் அதுக்கு ஏஜிஐன்னு பேர் வச்சாங்க. கார்டு உக்காரும். உள்ள ஓடறது பிசிஐ லைன்.

மூணாவது வழி சாஃப்ட்வேர். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், தொழில் அப்படி. 3டி அனலைஸ்னு ஒரு சின்ன டூல், கேம்கிட்ட ‘என்கிட்ட எல்லாம் இருக்கு’ன்னு பொய் சொல்லும். கேம் நம்பி திறந்துடும், பாதி நேரம் மூஞ்சி எல்லாம் கறுப்பா வரும். 2005 வாக்குல டிரான்ஸ்கேமிங் கம்பெனி ஸ்விஃப்ட்ஷேடர்னு ஒண்ணு விட்டாங்க. அது பொய் சொல்லலை, கார்டு செய்ய வேண்டிய ஷேடர் கணக்கையெல்லாம் ப்ராசஸர்லயே நிஜமா செஞ்சு காட்டும். பென்டியம் 4ல நொடிக்கு நாலஞ்சு ஃபிரேம் வரும், மெஷின் காய்ஞ்ச தோசைக்கல் மாதிரி கொதிக்கும். நம்ம பசங்க அதை கிராக் டூல் கணக்கா நினைச்சாங்க. ஆனா அதோட பின்கதை சுவாரஸ்யம்: பிற்பாடு கூகுள் அதை குரோம் பிரவுசருக்குள்ள வச்சாங்க, கார்டு சரியில்லாத மெஷின்ல 3டி பக்கங்கள் திறக்கறதுக்காக. 2016ல அதோட கோடையே எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. நீங்க இன்னிக்கு இதைப் படிக்கிற பிரவுசரோட வம்சத்துல நம்ம ‘வி’ போர்டு பசங்க கும்பிட்ட சாமி ஒண்ணு இருக்குது.

எங்க அண்ணன் எடுத்தது நாலாவது வழி. போர்டையே மாத்தறது. பென்டியம் 4ஐயும் ரேமையும் அப்படியே வச்சுக்கிட்டு, அதே கடையில ஒரு செகண்ட் ஹேண்ட் 865ஜி போர்டு. ‘வி’ இல்லாதது. பழைய போர்டைக் கழிச்சுக்கிட்டாங்க. கார்டு வாங்க இன்னும் மூணு மாசம் ஆச்சு.

இதை எங்க ஊர்ல யாருக்கும் விளக்கவே வேண்டியதில்லை. இந்தியாவிலேயே முதல் எலக்ட்ரிக் மோட்டாரை 1937ல ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் செஞ்ச ஊர் பக்கம் இது. கிணத்து மோட்டார் எரிஞ்சா யாரும் புதுசு வாங்க ஓடறதில்லை. காயில் கட்டக் கொடுப்பாங்க, பேரிங் மாத்துவாங்க, பாடி அதேதான், இருபது வருஷம் ஓடும். எங்க பெரியப்பாவுக்கு மதர்போர்டுன்னா என்னன்னு தெரியாது, “காயில் போச்சா, பாடி போச்சா?”ன்னு மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு அதைவிடச் சரியான வடிவம் இருக்கிறதா எனக்குத் தோணலை.

செகண்ட் ஹேண்ட்ல ஆபத்தும் இருந்துச்சு. பழைய ஏஜிபி கார்டுகள் 3.3 வோல்ட்டுல ஓடறவை. 845 காலத்து போர்டுகள் 1.5 வோல்ட். தப்பான கார்டு உள்ள போகாம இருக்கத்தான் கார்டோட விளிம்புல காடி வெட்டியிருப்பாங்க, சாவிக்கும் பூட்டுக்கும் இருக்கிற மாதிரி. ஆனா சில மலிவு கார்டுகள்ல காடியைத் தப்பா வெட்டி விட்டுட்டாங்க. உள்ள அழகா போகும். பவர் போட்டதும் போர்டு காலி. காடியை நம்பாம கார்டு நம்பரைப் பார்த்து வாங்கற பழக்கம் விவரமான பசங்களுக்கு இப்படித்தான் வந்துச்சு.

2004ல ஏஜிபிக்குப் பதிலா பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தாச்சு. உலகம் அப்படியே தாவிடும்னு நினைச்சாங்க. தாவலை, ஏன்னா ஏஜிபி மெஷின் வச்சிருந்தவங்க எண்ணிக்கை அவ்வளவு. அதனால என்விடியாவும் ஏடிஐயும் புது சிப்புகளுக்கு ஒரு பாலம் போட்டாங்க. கார்டு மேலேயே ஒரு மொழிபெயர்ப்பு சிப். 6600 ஜிடி, 2006ல 7800 ஜிஎஸ், 2008ல ரேடியான் எச்டி 3850, அப்புறம் 4650, 4670 வரைக்கும் ஏஜிபியில கிடைச்சது. செத்துப்போச்சுன்னு சொன்ன ஸ்லாட்டுக்கு அஞ்சு வருஷம் சோறு போட்டாங்க. கம்பெனிகள் நல்லவங்கன்னு சொல்லலை, வாங்க ஆள் இருந்துச்சு.

கார்டு பெரிசாகப் பெரிசாக அடுத்த சுவர் வந்துச்சு: கரண்ட். மலிவு கேபினட்டோட வர்ற எஸ்எம்பிஎஸ்ல 450 வாட்ஸ்னு ஸ்டிக்கர் இருக்கும், கையில தூக்கிப் பார்த்தாலே தெரியும், உள்ள ஒண்ணும் இல்லைன்னு. அதுல 6600 ஜிடி மாதிரி தனி பவர் வயர் கேக்கற கார்டைப் போட்டா, கேம்ல சண்டை சூடு பிடிக்கறப்போ மெஷின் ஆஃப் ஆயிடும். அதுக்கும் மேல மின்வெட்டு. 2012ஐ மறந்திருக்க மாட்டீங்க. சென்னையில ரெண்டு மணி நேரம், கோயம்புத்தூர் பக்கம் பத்து மணி நேரத்துக்கு மேல. மில், ஃபவுண்டரி எல்லாம் படுத்துக்கிச்சு, கேமுக்காக யாரு அழறது? ஆனாலும் பசங்க கத்துக்கிட்டாங்க: இன்வெர்ட்டர் பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கும், அதை யுபிஎஸ் பக்கம் தள்ளி வைக்கணும், இல்லேன்னா கரண்ட் மாறற அந்தக் கண் இமைக்கிற நேரத்துல கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆயிடும். வாட்ஸுக்கும் விஏவுக்கும் வித்தியாசம் எனக்கு பிசிக்ஸ் புத்தகத்துல புரியலை, 600 விஏ யுபிஎஸ் கத்தினப்போ புரிஞ்சது.

இதுக்கு நடுவுல வாசலே இல்லாத இன்னொரு மெஷின் லட்சக்கணக்குல வந்து இறங்குச்சு. 2011 செப்டம்பர் 15ல திருவள்ளூர் பக்கம் காக்களூர்ல ஜெயலலிதா தொடங்கி வச்ச இலவச லேப்டாப் திட்டம். அடுத்த ஒன்பது வருஷத்துல 50 லட்சத்துக்கும் மேல கொடுத்திருக்காங்க. பிளஸ் டூவுல எனக்கும் ஒண்ணு கிடைச்சது. அதைக் குறை சொல்ல என்னால முடியாது. நான் முதல் ப்ரோகிராம் எழுதினது அதுல, என் வேலைக்கு அஸ்திவாரம் அது. ஆனா ஹார்டுவேர் வரலாறா பார்த்தா, அது ஒரு பெரிய ‘வி’ போர்டு. ரேம் மாத்தலாம், ஹார்ட் டிஸ்க் மாத்தலாம். கிராபிக்ஸ் ப்ராசஸரோட ஒட்டிப் பிறந்தது. ஆபரேஷன் பண்ணிப் பிரிக்க முடியாது. அந்த மெஷின்கள்ல 2015லயும் வைஸ் சிட்டி ஓடிக்கிட்டு இருந்ததுக்குக் காரணம் பாசம் மட்டுமில்லை.

ஹாஸ்டல்ல ஒரு சீனியர் அண்ணா சுவர்ல வாசல் இடிச்சார். லேப்டாப்போட அடிமூடியைக் கழட்டி, வைஃபை கார்டைப் பிடுங்கி, அந்தச் சின்ன ஸ்லாட்டுல ஒரு அடாப்டர் சொருகி, வயர் வெளியே எடுத்து, டேபிள் மேல ஒரு டெஸ்க்டாப் கிராபிக்ஸ் கார்டு, அதுக்குத் தனி எஸ்எம்பிஎஸ். வைஃபை கார்டு போற அந்த ஓட்டையும் பிசிஐ எக்ஸ்பிரஸ்தான், பதினாறு லேனுக்குப் பதிலா ஒரே லேன். கேம் ஓடுச்சு. இன்டர்நெட் இல்லை, ஏன்னா வைஃபை கார்டு அவர் சட்டைப் பையில இருந்துச்சு. இதுவும் எல்லா லேப்டாப்லயும் நடக்காது. சில கம்பெனிகள் அந்த ஓட்டையில தாங்க சொல்ற வைஃபை கார்டைத் தவிர வேற எதையும் ஏத்துக்காதபடி பயாஸ்லயே பூட்டு போட்டிருந்தாங்க. ஸ்லாட் கண்ணு முன்னாடி இருக்கு, சாவி சாஃப்ட்வேர்ல இருக்கு. இதை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

வேலைக்குச் சேர்ந்ததுக்கு அப்புறம் நான் பார்த்த பெரிய மாற்றம், பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்கள். ஐடி கம்பெனிகள் கழிச்சுவிட்ட டெல், எச்பி மெஷின்கள் ரீஃபர்பிஷ்டுன்னு கோயம்புத்தூர்ல கடை கடையா அடுக்கி வச்சிருந்தாங்க. 2013, 2014 ப்ராசஸர், தரமான போர்டு, பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் உண்டு. எஸ்எம்பிஎஸ் மட்டும் சின்னது, கார்டுக்குத் தனி வயர் வராது. அந்த ஸ்லாட் தானே 75 வாட்ஸ் கொடுக்கும். 2016 அக்டோபர்ல வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ சரியா அந்த 75 வாட்ஸுக்குள்ள அடங்குச்சு. சொருகினா வேலை முடிஞ்சது. ஜிடிஏ 5 ஜம்முன்னு ஓடும். நம்ம மாதிரி ஊருக்குன்னே செஞ்ச கார்டுன்னு சொல்லத் தோணும், செஞ்சவங்களுக்கு நம்மளத் தெரியாதுங்கறது வேற விஷயம்.

பேர் ஏமாத்து வேலையும் தொடர்ந்துச்சு. 2017ல ஜிடி 1030ன்னு அதைவிட மலிவா ஒண்ணு வந்துச்சு, மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி. 2018ல சத்தமில்லாம அதே பேர்ல டிடிஆர்4 போட்ட இன்னொண்ணு. மெமரி வேகம் 16.8 ஜிபி. மூணுல ஒரு பங்கு. எம்எக்ஸ் 440 காலத்து அப்பாவும் 1030 காலத்து பையனும் ஒரே கவுன்டர்ல ஒரே மாதிரி நின்னிருக்காங்க.

கிரிப்டோ கதை எல்லாருக்கும் தெரியும்கிறதால வேகமா போயிடறேன். எத்தீரியம் மைனிங்கால 2021ல கார்டு விலை எங்கியோ போச்சு. அஞ்சு வருஷத்துப் பழசான 1050 டிஐயையே என்விடியா மறுபடி சந்தைக்கு விட்டாங்க. 2022 செப்டம்பர் 15ல எத்தீரியம் மைனிங் முறையையே கைவிட்டுச்சு. மைனிங் பண்ணின கார்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தையில வந்து குவிஞ்சது. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பார்க்கிற மாதிரி, பசங்க ஃபேனைச் சுத்திப் பார்த்து, ஸ்க்ரூ மேல ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கான்னு பார்த்து வாங்கினாங்க.

இப்போ அந்த பயாஸ் பூட்டுக்கு வர்றேன். 1050 டிஐ இருக்கிற மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறை கார்டுகளுக்கு கேம்களுக்கான புது டிரைவர் 2025 அக்டோபரோட நிறுத்தம், பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரைன்னு என்விடியா அறிவிச்சாங்க. அதே 2025 அக்டோபர் 14ல விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் முடிஞ்சது. விண்டோஸ் 11 அந்த 2013 ப்ராசஸரை அதிகாரப்பூர்வமா ஏத்துக்காது. ஆக, கடையில அடுக்கி வச்ச அந்த மெஷின்கள்ல ஸ்லாட் இருக்கு, கார்டு இருக்கு, கரண்ட் இருக்கு, காயிலும் போகலை, பாடியும் போகலை. எங்கேயோ ஒரு ஆபீஸ்ல ஒரு பட்டியல்லருந்து பேரை எடுத்துட்டாங்க. எங்க பெரியப்பாவோட கேள்விக்கு இதுல பதில் இல்லை.

ஒன்பது வருஷம் டிரைவர் கொடுத்தது குறைச்சல் இல்லைன்னு என் கூட வேலை பார்க்கிறவங்க சொல்வாங்க. டெஸ்ட் பண்றதுக்கு ஆகற செலவு எனக்கும் தெரியும், நானும் அதே தொழில்தான். ஆனா ஒரு கணக்கை மட்டும் பக்கத்துல வைக்கிறேன். 2002ல ஏடிஐ ரேடியான் 9700னு ஒரு ஏஜிபி கார்டு விட்டாங்க. ஏடிஐங்கற கம்பெனியே இப்போ கிடையாது, 2006ல ஏஎம்டி வாங்கியாச்சு. ஆனா லினக்ஸ்ல மேசான்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் கிராபிக்ஸ் திட்டம் இருக்கு. அதுல அந்தக் கார்டுக்கான டிரைவர் கோடு திறந்து கிடக்கறதால, ஆர்வம் இருக்கிறவங்க 2023, 2024லகூட அதை மெருகேத்தி, வேகம் கூட்டி, அப்டேட் விட்டிருக்காங்க. இருபது வருஷம் தாண்டின கார்டுக்கு. அதுல இன்னிக்கு வர்ற கேம் ஓடாதுதான், ஆனா அது ஓடவேண்டிய கேம் எல்லாம் ஓடும்.

என் மேசையில இப்போ ஒரு ரீஃபர்பிஷ்டு டெல், உள்ள 1050 டிஐ, மேல லினக்ஸ். என்விடியாவோட மூடின டிரைவரை விட்டுட்டு ஓப்பன் டிரைவருக்கு மாறிப் பார்த்தேன், பாஸ்கல் தலைமுறை கார்டுகள்ல அது இன்னும் நொண்டுது, ஏன்னா கார்டோட வேகத்தைக் கூட்டறதுக்கு என்விடியா கையெழுத்து போட்ட ஃபர்ம்வேர் வேணும். அது ஏன், கையெழுத்து போட்ட ஃபர்ம்வேர்னா என்னங்கறது தனியா ஒரு மணி நேரம் பேச வேண்டிய விஷயம், அடுத்த எபிசோடு அதுதான். அதுக்குள்ள வீட்டுப் பரண்ல பழைய கேபினட் இருந்தா இறக்கி, பக்கவாட்டுத் தகட்டைக் கழட்டி, போர்டு மேல அச்சடிச்சிருக்கிற நம்பரைப் படிங்க. 845ஆ, 865ஆ, 915ஆன்னு பாருங்க. அதுக்கு அடுத்த எழுத்து ஜி. அதுக்கும் அடுத்து என்ன இருக்குன்னு பார்த்துட்டு வாங்க.